கோப்பைச் சத்தம்

அடிஸ் அபாபாவில் தரையே பாதி வானம்.
ஏழாயிரத்து அறுநூறு அடி உயரத்தில் கிடக்கிறது ஓடுபாதை.
காற்று மெலிந்த ஊர்.
ஒற்றை எஞ்சினோடு இங்கே எழும்புவது
கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துவது மாதிரி.
எழும்பிவிடலாம்,
அதற்குப் பிறகுதான் கணக்கு.

ஆறு கால்களில் நின்று ஆடும் பெட்டிக்குள்
பதினோரு வருஷமாக அந்த எஞ்சினை
நான்தான் அணைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஒரு பொத்தான். இடது, அல்லது வலது.
பிறகு அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து
ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏதாவது எழுதுவேன்.

எழுதியதையெல்லாம் ரெத்வான் வாரிக்கொண்டு போனான்.
கைகள் நகர்ந்த விதம், கண்கள் தங்கிய இடம்,
மிதியில் பாதத்தின் எடை, இருமல், மூச்சு,
பக்கத்தில் என் எண்.
ஆயிரத்துச் சொச்சம் பயிற்சிகள்.
கவளம் கவளமாக இயந்திரத்துக்கு ஊட்டினான்.
மூன்றே மாதத்தில்
நான் போடப்போகும் மதிப்பெண்ணை
நான் பேனாவைத் திறக்குமுன் சொன்னது அது.
பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.
என் பிள்ளைகளில் ஒருவருக்கும்
என் கையெழுத்துகூட வரவில்லை.

பிறகொரு மாலை ரெத்வான் வந்தான்.
கதவருகே நின்றான்.
உட்காரச் சொன்ன பிறகும் நின்றான்.
"கேப்டன், கிழமை என்றொரு பத்தி இருக்கிறது.
அதை ரொம்ப விரும்பிப் படிக்கிறது."
புதன். வெள்ளி.
அந்த இரண்டு நாள் மட்டும் என் எண்கள்
கிட்டத்தட்ட ஒன்று இறங்கியிருந்தன.

விரத நாட்கள்.
பிற்பகல் மூன்றுவரை,
எங்கள் ஊர்க் கணக்கில் ஒன்பது மணிவரை,
பச்சைத் தண்ணீர் பல்லில் படாது எனக்கு.
ரெத்வானுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
ரமலானில் எழுதும் நிரல்களை
ஷவ்வாலில் தானே திருத்துவதாகச் சொன்னான்.
சிரிக்கவும் செய்தான், எனக்காக.

கிழமையை நீக்கினோம்.
அப்போதும் அதற்குத் தெரிந்திருந்தது.
தேதியை நீக்கினோம். தெரிந்திருந்தது.
விமானிகளின் பெயர், வரிசை எண், வெளியே மழையா வெயிலா
எல்லாம் போயிற்று.
இரண்டு வாரம் குடைந்து தேடியவன்
கடைசியில் என் காதில் ஒலிப்பதிவை மாட்டினான்.
எஞ்சின் இரைச்சல். எச்சரிக்கை மணி.
யாரோ மனப்பாடமாய் ஒப்பிக்கும் சரிபார்ப்புப் பட்டியல்.
இத்தனைக்கும் அடியில், மெலிதாக,
தட்டில் கோப்பை வைக்கும் "க்ளிங்".

என் மக்கியாட்டோ.
அது கேட்டால் நான்கு.
கேட்காவிட்டால் மூன்று.

அன்றிரவு ஹிருத்தின் பதிவைத் தேடி எடுத்தேன்.
துணை விமானி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்.
இடது எஞ்சினை அணைத்திருக்கிறேன்.
அவள் கை எரிபொருள் நெம்புகோலுக்கு மேலே போய்
நிற்கிறது.
நான்கு நொடி.
"தயக்கம்" என்று எழுதி இரண்டு போட்டிருக்கிறேன்,
பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துமிருக்கிறது.
அதற்கப்புறம் கேப்டன் வரிசையில்
பதினாறு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்.

வயிறு நிறைய இஞ்சேரா தின்றுவிட்டு
மறுபடி பார்த்தேன்.
நல்ல எஞ்சினை நிறுத்திவிடக் கூடாதென்று
கண் இரண்டு முறை அளவிகளைத் தொட்டு வந்ததா?
இல்லை, வெறுமனே பயந்து போனாளா?
நிறைந்த வயிறு "நிதானம்" என்றது.
அதையும் நம்ப முடியவில்லை.

ஒலியையும் நீக்கிவிடலாம் என்கிறான் ரெத்வான்.
நீக்கட்டும்.
என் நாற்காலி கிறீச்சிடுவதை
அது வேறு எதிலிருந்தாவது கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஹிருத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு
கிழமை, கோப்பை, எல்லாம் சொன்னேன்.
மறுமுனையில் பேச்சில்லை.
பழக்கதோஷம், நொடிகளை எண்ணிவிட்டேன்.
நான்கு.

"அன்றைக்கு நானும் விரதம், கேப்டன்," என்றாள்.
"அதற்கு ஏதாவது பத்தி இருக்கிறதா?"